கல்லும் கல்வியும்

மதுரையில் சிம்மக்கல் என்பது ஒரு கல்லால் பெயர் பெற்ற இடம். கல்லில் வடித்த சிங்கம் ஒன்று அங்கு அமைந்ததால் ஊரின் அப்பகுதிக்கே அது பெயராயிற்று. பேருந்தில் ஏறி நடத்துநரிடம் "ஒரு சிம்மக்கல்" என்று சீட்டு வாங்குவோர் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் உளர். அவர்களுள் எத்தனைபேர் சிங்கத்தை நினைக்கின்றனர், எத்தனைபேர் கல்லை நினைக்கின்றனர்? பெயர் நிலைத்திருக்கிறது, பெயருக்குக் காரணமானது கண்ணில் படுவதில்லை. கல்லின் இயல்பு இதுவென்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஆயினும் அது ஓர் எண்ணமாகவே இருந்தது, கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்து என் எதிரே அமர்ந்த நாள்வரை.

அவருடைய மகன் படைவீரன். வட எல்லையில் பனிச்சரிவில் சிக்கி இறந்தவன். துப்பாக்கிச் சூட்டில் அல்லவாதலால் பதக்கம் ஏதுமில்லை. திருமணம் ஆகாதவனாதலால் மனைவி மக்களும் இல்லை. அரசு தந்த தொகையில் மூன்று இலட்சம் ரூபாயை ஒரு மஞ்சள் பையில் வங்கிப் புத்தகத்தோடு கொண்டுவந்திருந்தார்.

"சாமி, எம் பிள்ளை பேரு கோயில் செவுத்துல ஒரு கல்லுல இருக்கணும். நான் போன பிறகு அவன் பேரச் சொல்ல யாரு இருக்கா?"

சலவைக்கல் பதிப்பது எளிது. மூன்று இலட்சமும் தேவையில்லை. ஒருசில ஆயிரங்கள் போதும். மீதியை என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்க சாமி" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் நான்கு மாலைப்பொழுதுகளைக் கழித்தேன். வீழ்ந்த வீரனின் பெயரை மனித குலம் எவ்வெவ்வாறு காத்துவந்தது என்று தேடத் தொடங்கிய அந்தத் தேட்டத்தின் பயன் இக்கட்டுரை.

தமிழ்நாட்டில் இத்தேட்டம் கல்லிலிருந்துதான் தொடங்கவேண்டும். வைகைப் படுகையில், இன்றைய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறித்தவை. அவற்றுள் ஒன்று, கூடல் ஊர் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனின் பெயரைச் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெயர் மண்ணுக்குள் கிடந்து மீண்டும் வாசிக்கப்படுகிறது! அந்தத் தாயின் ஆசை நம் மண்ணின் மிகத் தொன்மையான ஆசை என்பதில் ஐயமில்லை.

ஆனால் நடுகல்லைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திவிடுவோர் ஒரு பாதியை மறந்துவிடுகின்றனர். வீரன் வீழ்ந்தபின் அவன் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. கல்வெட்டுகள் அதனை உதிரப்பட்டி என்கின்றன. நெய்த்தோர்ப்பட்டி என்றும் வழங்கின. நெய்த்தோர் என்றால் குருதி. குருதிக்கு ஈடாகத் தந்த நிலம் என்பதே பொருள். பிற்காலத்தில் இரத்தமானியம் என்ற சொல் வந்தது. சொல்லின் கடுமையைக் கவனியுங்கள். அன்பளிப்பு என்றோ உதவித்தொகை என்றோ மழுப்பவில்லை. இது இரத்தத்தின் விலை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். கல் இறந்தவனுக்கு, நிலம் அவன் விட்டுச்சென்ற வாய்களுக்கு. இரண்டும் சேர்ந்ததே முழுமையான நினைவு என்று நம் முன்னோர் கருதியிருக்கவேண்டும்.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருந்தன. கி.மு. 431-ஆம் ஆண்டு, ஸ்பார்ட்டாவோடு போர் மூண்ட முதலாண்டின் குளிர்காலத்தில், போரில் இறந்தோருக்குப் பெரிக்ளீஸ் ஆற்றிய இரங்கலுரையை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்தார். நீண்ட, புகழ்மிக்க உரை. அதன் இறுதியில், ஏறத்தாழ ஒரு நிருவாக அறிவிப்பைப் போல, இறந்தோரின் பிள்ளைகளை அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை நகரமே தன் செலவில் வளர்க்கும் என்று சொல்லி முடிக்கிறார். உரை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வறண்ட வாக்கியம்தான். அவ்வாறு வளர்ந்த பிள்ளைகள் ஆளானதும் நாடகப் பெருவிழாவில் மக்கள்முன் அணிவகுத்து நிறுத்தப்பட்டனர், போர்க்கவசமும் அளிக்கப்பட்டது. அதாவது தந்தையைப் போலவே மகனும் போருக்குப் போகவேண்டும்! உதவி பெற்ற பிள்ளையைக் கூட்டத்தின் முன் நிறுத்திக் காட்டும் வழக்கம் இன்றும் நம் பள்ளி விழாக்களில் ஒழிந்தபாடில்லை. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

நம் விவிலியத்திலும் இப்பொருள் உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை இறந்தோருக்கான திருப்பலிகளில் நாம் கேட்டிருக்கிறோம். போரில் மாண்ட தம் வீரர்களுக்காக யூதா மக்கபே ஆளுக்கு ஆள் தண்டி, ஏறத்தாழ 2000 திராக்மா வெள்ளியைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். உத்தரிப்பு நிலையைப் பற்றிய நம் போதனைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் பகுதி அது. குருமடத்தில் அப்பாடத்தை எங்களுக்குக் கற்பித்த பேராசிரியர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது வாசிக்கையில் இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. ஒன்று, அந்த வீரர்கள் மாசற்றவர்கள் அல்லர். அவர்களுடைய ஆடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருந்தன. அதை மறைக்காமல் எழுதிவைத்துவிட்டே அவர்களுக்காக நிதி திரட்டினார்கள். இன்னொன்று, இதற்கு முந்தைய எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. நிக்கானோரின் படையை வென்றபின், கொள்ளைப்பொருளில் முதற்பங்கைச் சித்திரவதைக்கு உள்ளானோருக்கும் கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதைத்தான் வீரர்கள் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் பிரித்துக்கொண்டனர். வரிசையைப் பாருங்கள். மிச்சத்தில் தருமமன்று, தருமம் போக மிச்சம்.

இங்கே இருபது நூற்றாண்டுகளைத் தாண்டிச் சென்னை எழும்பூருக்கு வருகிறேன். அங்குதான் இத்தேட்டத்தில் எனக்கு மிகவும் வியப்பளித்த கதை கிடைத்தது.

1789-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்களுடைய ஆண் பிள்ளைகளுக்கென எழும்பூரில் ஓர் அநாதை இல்லம் திறக்கப்பட்டது. மைசூர்ப் போர்களின் காலம் அது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் அழித்தொழித்த நினைவு மாறாத ஆண்டுகள். வீதியில் நின்ற வெள்ளைப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகச் சென்னையிலிருந்த ஆங்கிலேயர் பணம் தண்டினர். அவ்வில்லத்தின் மேற்பார்வையை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக் குருவானவர்.

ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்களும் சரியில்லை. ஒருநாள் குதிரையில் சென்றுகொண்டிருந்த பெல், ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகிக்கொண்டிருந்தனர். நம் திண்ணைப் பள்ளிக்கூடம்தான், வேறொன்றுமில்லை. காகிதம் வேண்டா, மை வேண்டா. தவறினால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். பெல் இதை எழும்பூரில் நடைமுறைப்படுத்த முயன்றார். ஆசிரியர்கள் முகம் சுளித்தனர். அவர் அவர்களை விட்டுவிட்டு, சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகனான ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக்காட்டினான்.

1796-இல் நாடு திரும்பிய பெல், அடுத்த ஆண்டு இலண்டனில் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவி, ஆயிரக்கணக்கான பள்ளிகளில் கையாளப்பட்டது. அவருடைய கொடையால் 1833-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது. இல்லத்துச் சிறுவர்களின் பின்கதையும் சுவையானதே. 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் முதல் மாணவர்கள் இவர்களே. அப்பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. வீழ்ந்த வீரர்களின் பிள்ளைகளுக்கெனத் திரட்டிய ஒரு நிதி எங்கெங்கெல்லாம் வேர்விட்டது பாருங்கள்!

இவ்வளவையும் குறித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பிய எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுள் மிகப் பலருக்குத் தந்தையர்தாம் ஐரோப்பியர். தாயர் இந்நாட்டுப் பெண்கள். அப்பெண்களைப் பற்றி இல்லத்தை நடத்தியோர் நல்லெண்ணம் கொண்டிருக்கவில்லை. தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுப்பதையே நன்மை என்று கருதினர். அடுத்து, பொள்ளிலூர்க் களத்தில் பெய்லியோடு நின்றவர்களுள் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழும்பூரில் இடமில்லை. மதராஸ் படையில் வேறொரு வழக்கம் இருந்தது: சிப்பாய்களின் மகன்களைச் சிறுவயதிலேயே படைப் பட்டியலில் சேர்த்து ஒரு சிறு படி கொடுப்பார்கள், வளர்ந்ததும் அவர்கள் துப்பாக்கி தூக்கவேண்டும். சோறு கிடைத்தது உண்மை, அதை இகழ்வதற்கில்லை. ஆனால் திண்ணைப் பள்ளியின் மணலைக் கற்பிக்கும் முறையாகக் கடன்வாங்கிய அதே நகரம், அத்திண்ணையில் பயிலவேண்டிய சிப்பாய் மகனுக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. ஒரு நிதி எவ்வளவு நல்லதாயினும், யாருடைய பிள்ளைக்கு என்று ஒரு கோடு கிழிக்கிறது. அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களை வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகக்கூடக் காண்பது அரிது.

ஒரு தனி வீரனின் பெயரால் அமைந்த கல்வி நினைவுச்சின்னம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. உதகைக்கு அருகில் லவ்டேலிலுள்ள லாரன்ஸ் பள்ளி. சர் ஹென்றி லாரன்ஸ் 1806-இல் இலங்கையின் மாத்தறையில் பிறந்தவர். படைவீரர்களின் பிள்ளைகள் பாசறைச் சூழலில் நோயுற்று மடிவதைக் கண்டு, 1847-இல் இமயச் சாரலில் சனாவரில் முதற்பள்ளியைத் தொடங்கினார். 1857 கிளர்ச்சியின்போது இலக்னோ முற்றுகையில் குண்டுக்காயமுற்று ஜூலை 4-ஆம் நாள் இறந்தார். மரணப் படுக்கையில் தம் அநாதைப் பள்ளியை மறந்துவிடவேண்டாமென்று கேட்டுக்கொண்டார் என்பர். மறுஆண்டே உதகையில் அவர் பெயரால் இல்லம் திறக்கப்பட்டது. எழும்பூர்ச் சிறுவர்கள் இல்லமும் பின்னர் இதனோடு இணைந்தது. லவ்டேலின் எழிலார்ந்த கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் சிசம். நம் திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்த்துக் காத்த பணியிலும் அவருடைய கை உண்டு என்பதை மதுரை வாசகர்கள் அறிந்தால் மகிழ்வர். இங்கும் கோடு இருந்தது: ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். விடுதலைக்குப் பின், 1949-இல், இந்திய அரசின் பொறுப்பில் வந்த பிறகே அது அனைவருக்குமான பள்ளியாயிற்று. இன்று அங்குக் கட்டணம் செலுத்த வல்லவர்கள் யார் என்பது வேறு கதை.

அதே 1949-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் கொடிநாள் தொடங்கியது. டிசம்பர் 7. சிவப்பு, கருநீலம், இளநீலம் என மூன்று நிறத்தில் ஒரு சிறு கொடி. முப்படைகளுக்கும் ஒவ்வொரு நிறம். பள்ளிச் சிறுவர்கள் உண்டியல் குலுக்கிக்கொண்டு கடைத்தெருவில் வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சில்லறையைப் போட்டுவிட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்துவிடுவோம். அப்பணம் எங்கே போகிறது என்று ஐம்பது வயதுவரை நான் கேட்டதில்லை. முன்னாள் படைவீரர், அவர்தம் கைம்பெண்கள், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்கு அது பயன்படுகிறது. பிள்ளைகளின் கல்வி உதவியும் அதிலடங்கும். மாவட்டந்தோறும் இதற்கென முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. 1962-இல் சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதி என்று மற்றொன்று தொடங்கப்பட்டது. நம் தாய்மார் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்த நிதி. அதன் வருவாயிலிருந்துதான் 2006-07 முதல் பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம் நடக்கிறது. 2019-இல் அது மாணவர்க்கு மாதம் 2000 ரூபாயிலிருந்து 2500 ஆகவும், மாணவியர்க்கு 2250-இலிருந்து 3000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பெண் பிள்ளைக்கு ஐந்நூறு கூடுதல் என்ற முடிவை எடுத்தவர் எவராயினும் அவர் வாழ்க. பயங்கரவாதத் தாக்குதலில் மாண்ட மாநிலக் காவலர்களின் பிள்ளைகளும் அவ்வாண்டிலிருந்து சேர்க்கப்பட்டனர். கோடு சிறிது விலகியது.

ஆனால் கோடு விலகுவதுபோல நெருங்கவும் கூடும். 1971 போரில் பங்களாதேசம் பிறந்தது. மறுஆண்டு அரசு ஒரு வாக்குறுதி தந்தது. போரில் மாண்ட, காணாமற்போன, ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி கல்லூரிக் கட்டணத்தை முழுமையாக ஏற்பதாக. நாற்பத்தைந்து ஆண்டு அது நடந்தது. 2017-இல், மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை என்று ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. வரம்பைத் தாண்டிய பிள்ளைகள் சிலரே. மிச்சமாகும் தொகை நாட்டின் வரவுசெலவுக் கணக்கில் ஒரு துளி. கைம்பெண்கள் குரல் எழுப்பினர். கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா, மதுரையில் பிறந்தவரான அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு எழுதினார். 2018 மார்ச்சில் வரம்பு நீக்கப்பட்டது. கெட்ட எண்ணத்தால் எவரும் அந்த வரம்பை விதித்திருக்கமாட்டார். ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு பட்டியலின் ஒரு வரியைச் சுருக்கினார்கள், அவ்வளவே. அந்த வரியின் மறுமுனையில் உதிரப்பட்டி இருக்கிறது என்பது அப்பட்டியலில் எழுதப்படவில்லை.

அரசு நிதிகளைப் பற்றி இவ்வளவு. தனியார் நினைவு நிதிகளுள் இரண்டைக் குறிப்பேன். 2007 ஜூலை 31-ஆம் நாள் காஷ்மீரின் ஊரிப் பகுதியில் ஊடுருவல்காரர்களோடு போரிட்டு மாண்ட பெங்களூரைச் சேர்ந்த கர்னல் வசந்துக்கு அசோகச் சக்கரம் வழங்கப்பட்டது. அவருடைய மனைவி சுபாஷிணி பரதநாட்டியக் கலைஞர். கணவரின் நினைவாக வசந்தரத்னா அறக்கட்டளையைத் தொடங்கி, மாண்ட வீரர்களின் மனைவியர்க்கும் பிள்ளைகளுக்கும் துணைநிற்கிறார். அதிகாரியின் மனைவிக்கு எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பதென்று சொல்ல ஆள் உண்டு. ஒரு சிற்றூரில் இருக்கும் சிப்பாயின் மனைவிக்கு யார் உண்டு? பணத்தைவிட இங்கே தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு படிவமும், அதை நிரப்பத் தெரிந்த ஒரு கையும்தான். நம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனைபேர் மாலை நேரத்தில் சும்மா அமர்ந்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

மற்றது அமெரிக்காவினது. பாட் டில்மன் என்ற கால்பந்து வீரர் பெரும் ஊதியத்தை உதறிவிட்டு 2002-இல் படையில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22-ஆம் நாள் ஆப்கானிஸ்தானில் இறந்தார். பகைவரின் குண்டுக்கு இரையானார் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர்தான் உண்மை வெளிவந்தது: தம் படையினரின் குண்டே தவறுதலாக அவரைக் கொன்றது. அவருடைய தாயும் குடும்பத்தாரும் பல ஆண்டுகள் போராடி அவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தனர். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை, படையில் பணியாற்றியோர்க்கும் அவர்தம் துணைவர்க்கும் கல்வி உதவி தருகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மக்கபேயர் நூலாசிரியர் ஆடைக்குள்ளிருந்த தாயத்தை மறைக்காமல் எழுதினாரல்லவா, அதை இங்கே நினைத்தேன். பொய்யின் மேல் கட்டிய புகழைவிட, உண்மையைச் சொல்லி அதன் மேல் வைத்த ஒரு மாணவனின் கட்டணம் இறந்தவனுக்குச் செய்யும் கூடுதல் மரியாதை.

பிள்ளையில்லாதவன் என்ற அந்தச் செய்திதான் எனக்கு வழிகாட்டியது. அரசின் திட்டங்கள் எல்லாம் மாண்டவனின் மனைவியையும் பிள்ளையையும் தேடி வருகின்றன, அது நியாயமே. மணமாகாமல் மாண்ட இளைஞனின் பெயரால் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும்? 1999-இல் கார்கில் போரில் பட்டாலிக் மலையில் வீழ்ந்து வீர் சக்கரம் பெற்ற திருச்சி மேஜர் சரவணனுக்கு வயது இருபத்தாறு. அவருக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் இருபத்தாறு வயதில் நின்றுபோன ஓர் ஆயுளின் மிச்ச ஆண்டுகளை மலர்வளையத்தால் நிரப்ப முடியாது.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாய் வந்தபோது, கல் வேண்டுமா கல்வி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. நடுகல்லையும் உதிரப்பட்டியையும் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ரெண்டும் வேணும்னுதான சாமி சொல்றீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் நான் கண்டுபிடிக்காததை இரண்டு நொடியில் சொல்லிவிட்டார்.

பங்குப் பேரவையில் பேசினோம். அது இனிய கூட்டம் அன்று. நம் பங்குப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றார் ஒருவர். கத்தோலிக்கருக்கு மட்டும் என்றார் மற்றொருவர். முன்னாள் படைவீரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றார் மூன்றாமவர். எழும்பூரிலும் லவ்டேலிலும் கிழித்த கோட்டைச் சிம்மக்கல்லில் நாங்கள் கிழித்துக்கொண்டிருந்தோம். தாயையே கேட்போம் என்றேன். அவர் எழுந்து, மகன் விடுமுறையில் வந்தபோதெல்லாம் தன்னோடு ஒரே கூடாரத்தில் படுத்துறங்கியவர்களின் பெயர்களைச் சொல்வான் என்றார். ஒரு சீக்கியர், ஒரு கூர்க்கா, நாகர்கோவில் பக்கத்து ஓர் இளைஞர், இராமநாதபுரத்து ஒரு முசுலிம். "அவன் படுத்த இடத்துல இல்லாதது இங்க எதுக்கு?" என்றார். அத்தோடு விவாதம் முடிந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நினைவு நிதிகள் நன்றியின்மையால் அழிவதைவிடக் கணக்கின்மையால் அழிவதே மிகுதி. பழைய பள்ளிகளில் ஆயிரம் ரூபாய் வைப்புத்தொகையில் நிறுவிய பரிசுகள் பல உண்டு. வைத்த காலத்தில் அதன் வட்டி ஒரு மாணவனின் ஆண்டுக் கட்டணம்; இன்று இரண்டு நோட்டுப் புத்தகம் வாங்கவும் பற்றாது. எனவே ஆண்டு வட்டியில் காற்பங்கை முதலோடு சேர்த்துவிடுவது என்று முடிவுசெய்தோம். மூன்று இலட்சத்துக்கு நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் 21,000 ரூபாய். அதில் 5,250 முதலுக்குத் திரும்பும், 15,750 பிள்ளைகளுக்கு. பெரிய தொகையன்று. ஆயினும் கட்டணம் கட்டமுடியாமல் ஜூன் மாதத்தில் வீட்டில் நின்றுவிடும் ஒரு பிள்ளையை, அல்லது இரண்டு பிள்ளைகளை, அது வாசல் தாண்டச் செய்யும்.

தாய் ஒரு நிபந்தனை வைத்தார். பெறும் பிள்ளையை மேடையில் ஏற்றக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஏதென்ஸ் நகரத்தார் இதைக் கேட்டிருந்தால் வியந்திருப்பர்.

கல்லும் வந்தது, பெரியதன்று. கோயில் சுவரில் ஒரு முழ அகலத்தில் அவன் பெயர், பிறந்த இறந்த ஆண்டுகள், இறந்த விதம் ஆகியவை மட்டும். 'வீரமரணம்' என்ற சொல்லைக் கல்தச்சர் தாமாகவே சேர்க்கப் பார்த்தார். பனிச்சரிவில் என்று எழுதினால் போதும் என்றார் தாய்.

சென்ற ஜூனில் முதல் ஆண்டுத் தொகை, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளுக்குச் சென்றது. கட்டணம் கட்டுவதற்குத் தாயும் என்னோடு பள்ளி அலுவலகத்துக்கு வந்தார். எழுத்தர் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி, செலுத்துபவர் பெயர் என்ன என்று கேட்டார். பங்கின் பெயரை நான் சொல்ல வாயெடுக்குமுன் தாய் மகனின் பெயரைச் சொன்னார். "அவர் வரலையா? கையெழுத்து வேணுமே" என்றார் எழுத்தர். நான் விளக்கினேன். சிறிது நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், பின்பு எழுதினார். கையெழுத்துக் கோட்டில் தாய் தம் பெயரை இட்டார்.